ஏறிக்கொண்டே போன எண்

அன்று மத்தியானம் அக்காவின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: அக்கா. அத்தானின் அண்ணன், இரண்டு குடும்பத்திலும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். மாடியில் வாடகைக்கு இருக்கும் அம்மா, எங்களுக்கு மாடியம்மா, கையில் டீ ஃபிளாஸ்க்குடன். துறைமுகத் தேடல் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர் வைத்தது மாடியம்மாதான். கடைசியாக நான், அக்காவின் தம்பி, இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்தவன்.

அத்தான் இல்லை. அத்தான் இல்லாததால்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

அத்தான் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்து வரும் சின்னப் படகு அது. வேலை செய்கிறவர்கள் டக் என்பார்கள். மூடுபனியில், துறைமுக வாய்க்கு வெளியே, இழுத்து வந்த கப்பலே பக்கவாட்டில் இடித்து டக் கவிழ்ந்தது. கூட இருந்த இருவரின் உடல்கள் மறுநாளே மிதந்தன. பிறகு படகும் கடலடியில் அகப்பட்டது. அதற்குள் அத்தான் இல்லை. அந்த 'உள்ளே இல்லை'யை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இல்லையென்றால் வெளியே வந்திருக்கிறார். வெளியே வந்தவர் சும்மாவா இருந்திருப்பார், நீந்தியிருப்பார். எங்கேயாவது ஒதுங்கியிருப்பார்.

கட்டக்காரர் தினமும் வந்தார். அந்த அலுவலகத்தில் அது வழக்கம். ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆள். போனில் எதுவும் சொல்லமாட்டார்கள், நேரில் வந்து உட்கார்ந்துதான் சொல்வார்கள். மேஜைமேல் மேப்பை விரிப்பார். கடல் முழுக்கக் கட்டம் போட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டினால் நூறு. ஒரு கட்டத்தில் தேடி ஒன்றும் அகப்படவில்லையென்றால் அதன் எண் இறங்கும். இறங்கியது மற்ற கட்டங்களுக்குப் பிரிந்து போகும். ஆகவே இன்னும் சரியாகத் தேடாத கட்டங்களில் எண் ஏறும். மறுநாள் படகு எங்கே போவதென்று அதைப் பார்த்து முடிவு செய்வார்கள். நல்ல முறைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போகும்போது ஒரு நகலை விட்டுச் செல்வார். அக்கா அதைச் சுவரில் ஒட்டினாள். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள்; பொடி அளவுகளோடு பிழைப்பவள். மேப் அவளுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. அவள் கண் ஒரே கட்டத்தில்தான் இருந்தது. கரையை ஒட்டிய பாறைத் திட்டு. அங்கே சுழல் அதிகம். படகு சுற்றிப் பார்க்குமே தவிர, மூழ்கித் தேடும் டைவர்கள் யாரும் இன்னும் இறங்கவில்லை. முதல் மேப்பில் அந்தக் கட்டத்தில் ஏழு. அப்புறம் பதினொன்று. அப்புறம் பதினெட்டு. எண் ஏற ஏற அக்கா தேறினாள்.

முதலில் சாப்பிட ஆரம்பித்தாள். அப்புறம் தலை வாரினாள். ஒருநாள் நான் போனபோது அத்தானின் சட்டைகளைத் தேய்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்தா முதல்ல குளிக்கணும்பாரு. டவல் எடுத்து வச்சுட்டேன்" என்றாள்.

"மேல்லாம் உப்பா இருக்கும்" என்றாள் மாடியம்மா. "நல்ல சோப்பா வை. உங்க வீட்டு சோப்பு நுரையே வராது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சுவரில் இருபத்தாறு என்று இருந்த இடத்தைச் சுற்றி அக்கா பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். அவள் அதை அத்தான் உயிரோடு இருப்பதற்கான மார்க்காக வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த எண்ணுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிகழ்தகவு என்று பெயர். ஆங்கிலத்தில் ப்ராபபிலிட்டி. அந்த ஒரு வார்த்தை எங்கே பிறந்து எப்படி மாறியது என்று ஆராய்ச்சி செய்கிறேன் பேர்வழி என்று பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் பெஞ்சு தேய்த்தேன். முடிக்கவில்லை. இப்போது குளிர்கிடங்கு ஒன்றில் இரவெல்லாம் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வார்த்தை ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது அதற்கும் எண்ணுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ப்ராபபிள் என்றால் ஒப்புக்கொள்ளத் தகுந்தது, மதிப்புள்ளவர்கள் ஆமோதித்தது. நம்பிப் போகலாம் என்கிற வைத்தியர் ப்ராபபிள் வைத்தியர். படித்த பாதிரியார் ஒருவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் அது ப்ராபபிள் கருத்து. அது உண்மையா, நடக்குமா என்பது தனிக் கேள்வி. அப்புறம் பகடை உருட்டுகிறவர்கள் வந்தார்கள். எந்த நோயில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணுகிறவர்கள் வந்தார்கள். யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை, எத்தனை தடவை நடந்தது என்று கேட்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச காலம் போய், ஒரு விஷயத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கும் அதுவே அளவாயிற்று. பழைய அர்த்தம் செத்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதினேன். தமிழில் தகவு என்றால் தகுதி, மேன்மை. நிகழ்தகவு என்று பெயர் வைத்தவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, செத்த அர்த்தம் இங்கே வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

இதையெல்லாம் ஒருமுறை அத்தானிடம் சொன்னேன். அவர் எஞ்சின் கிரீஸை விரலிலிருந்து துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு வார்த்தைக்கு ஆறு வருஷமாடா மாப்ள? அதுக்குள்ள நான் நாலு எஞ்சினைக் கழட்டி மாட்டிட்டேன்."

"எஞ்சின் மாதிரிதான் அத்தான் இதுவும்."

"கழட்டிட்டே. மாட்டலையே நீ." சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்தக் காலத்துல கேப்டன் சொன்னா ப்ராபபிள். நான் சொன்னா இல்ல. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட."

"இந்தக் காலத்துலயும் எங்க டக்ல அதான்டா நடக்குது."

அவரிடம் பேசிய பிறகுதான் நான் படிப்பை விட்டேன் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. அது உண்மையில்லை. அதற்கு முன்பே விட்டுவிட்டேன்.

பெரியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடகை வண்டிகள் வைத்திருப்பவர். வண்டிக்காரர் சங்கத்தில் அவர் பேசினால் மறுபேச்சு கிடையாது. எங்கள் குடும்பத்திலும் அப்படியே. அக்காவுக்கு அத்தானைப் பேசி முடித்ததும் அவர்தான். 'பையன் தங்கம்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதோடு அப்பா விசாரிப்பதை நிறுத்திவிட்டார். சொந்தத் தம்பியைப் பற்றி வேறென்ன சொல்வார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நல்ல வேளை, அத்தான் தங்கமாகவே இருந்தார்.

அந்த மத்தியானம் கட்டக்காரர் மேப்பை விரித்ததும் அக்கா நேராகப் பாறைத் திட்டின்மேல் விரலை வைத்தாள். நாற்பத்தொன்று.

"மாமா, பாருங்க!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நாப்பத்தொண்ணு! பாதிக்குக் கிட்ட வந்துடுச்சு."

பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏறுதுன்னா நல்லதுதாம்மா" என்றார்.

"நான்தான் சொன்னேன்ல, பாறைச் சந்துல ஒதுங்கியிருப்பாருன்னு." அக்கா கட்டக்காரரைப் பார்த்தாள். "நாளைக்கு அங்கதானே போறீங்க?"

"அதைப் பத்திதாம்மா பேச வந்தேன்." அவர் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நாளைக்கு மத்தியானத்துக்கு மேல காத்து மாறுது. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்தப் பக்கம் போக முடியாது. காலையில ஒரே ஒரு தடவை போகலாம். படகை விட்டு மேலாகத் தேடலாம். இல்லன்னா டைவர்களை அந்தத் திட்டுல இறக்கலாம். ரெண்டுல ஒண்ணுதான் முடியும். டைவரை இறக்கணும்னா குடும்பம் சரின்னு சொல்லணும். எங்க விதி அது."

"மேலதான்" என்றாள் அக்கா உடனே. "இதென்ன கேள்வி? பாறையில இருக்கறவரைத் தேட தண்ணிக்குள்ள எதுக்குப் போறீங்க?"

"அதானே" என்றாள் மாடியம்மா.

கட்டக்காரர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் டீ டம்ளரைப் பார்த்தார். கட்டக்காரர் என்னைப் பார்த்தார். "சார், ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?"

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றோம். கீழ்வீட்டு சைக்கிள் ஒன்று கைப்பிடியோடு சங்கிலி போட்டுக் கிடந்தது. அவர் குரலை இறக்கினார்.

"அவங்களுக்கு விஷயம் தெரியும்ல?"

"எந்த விஷயம்?"

"நாங்க உயிரோட இருப்பார்னு தேடறதை எப்பவோ நிறுத்திட்டோம் சார். அந்தத் தண்ணிக் குளிருக்கு ஒரு ராத்திரி தாங்கறதே பெருசு. இந்த மேப்புல இருக்கறதெல்லாம் உடம்பு எங்க கிடக்கும்கிற கணக்கு."

"அவளுக்குத் தெரியாது. அவ சட்டை தேச்சு வச்சிருக்கா."

அவர் முகம் வெளிறிவிட்டது. "நான் சொன்னேன் சார். டக்கைக் கண்டுபிடிச்ச அன்னைக்கே வந்து சொன்னேன். வாசல்ல வச்சு, வீட்டுல பெரியவங்க யாருன்னு கேட்டேன். அவர் வந்தாரு. முழுசா சொன்னேன். 'நான் பக்குவமா சொல்லிக்கறேன், நீங்க மேப்பை மட்டும் காட்டுங்க'ன்னாரு. அவ்வளவு பெரிய மனுஷன் சொல்றப்ப நான் என்ன செய்யறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது; நல்ல சிரிப்பு இல்லை. செத்துப்போனதாக நான் எழுதிய அர்த்தம் இத்தனை நாளும் என் அக்காவின் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"டைவர் இறங்கினாதான் ஆள் கிடைப்பாரா?"

"இறங்கினா கிடைக்கலாம். இறங்கலன்னா காத்துக்கப்புறம் அந்தச் சுழல் எங்க கொண்டு போகும்னு எங்க மேப்புக்கே தெரியாது."

உள்ளே வந்தோம். அக்கா புது மேப்பைச் சுவரில் ஒட்ட டேப் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன்.

"அக்கா, அந்த நம்பர் அவர் உயிரோட இருக்கார்னு சொல்ற நம்பர் இல்ல."

"வேற என்னவாம்?"

"உன் கடையில கண்ணாடி ஸ்க்ரூ கீழ விழுதுன்னு வச்சுக்கோ. டைல் டைலா தேடுவே. ஒரு டைல்ல இல்லன்னா மிச்ச டைல்ல இருக்கும்னு நம்பிக்கை கூடும். கடைசி டைலுக்கு வர்றப்ப ரொம்பக் கூடும். ஆனா ஸ்க்ரூ நல்லாயிருக்கா, நசுங்கிப்போச்சான்னு அது சொல்லாது. எங்க கிடக்குன்னு மட்டுந்தான் சொல்லும்."

டேப் அவள் விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. புரிந்துவிட்டது என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. புரிந்ததை அவள் அப்படியே கீழே போட்டாள்.

"ஒரு வார்த்தையை ஆறு வருஷம் படிச்சு முடிக்கத் துப்பில்ல. எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்."

"அக்கா..."

"சும்மா இருடா. உனக்கு எதுல நம்பிக்கை இருந்திருக்கு? படிப்புல இருந்துச்சா? கட்டிக்கறேன்னு வந்த பொண்ணு மேல இருந்துச்சா? வாயைத் தொறந்தா விளங்காத பேச்சு."

"தம்பிதானே, விடும்மா" என்றாள் மாடியம்மா.

"அம்மா, அவர் சொல்றது சரிதான்" என்றார் கட்டக்காரர்.

"நீங்க ஆபீஸ்காரங்க. உங்களுக்கு ஃபைலை மூடணும்." அக்கா பெரியவர் பக்கம் திரும்பினாள். "மாமா சொல்லட்டும். மாமா என்ன சொல்றாங்களோ அதைச் செய்யலாம். சொல்லுங்க மாமா, மேலதானே?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் ஒரு 'ம்' போட்டால் போதும், காலையில் படகு மேலாகச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கும். அக்கா இன்னும் பல வருஷம் டவல் எடுத்து வைத்திருப்பாள். நான் கத்தினாலும் எடுபட்டிருக்காது. அவருக்கும் அது தெரியும். டம்ளரை மேஜையில் வைத்தார். அது சாய்ந்து மேப்பின் ஓரம் நனைந்தது. யாரும் துடைக்கவில்லை.

"கீழ இறக்கச் சொல்லும்மா" என்றார்.

"என்ன?"

"அவன் இல்லம்மா. அன்னைக்கே சொல்லிட்டாரு."

"யார் சொன்னா?"

"இவருதான். என்கிட்ட. டக்கு கிடைச்ச அன்னைக்கு."

அக்கா விரலிலிருந்த டேப்பை மெதுவாக உரித்து உருட்டினாள்.

"அன்னைக்கு நீங்க உள்ள வந்து, 'தம்பி கெட்டிக்காரன், டக்குலேர்ந்து வெளிய வந்துட்டான்'னு சொன்னீங்க."

"உன் முகத்தைப் பார்த்தேன். வாய் வரலம்மா."

"தினம் தினம் 'ஏறுதுன்னா நல்லதுதான்'னு சொன்னீங்க."

"கிடைச்சிடுவான்னுதான் சொன்னேன். அது பொய்யில்லம்மா." அவர் உதடு கோணியது. "எனக்கும் அவனைப் பார்க்கணும்ல. கூடப் பொறந்தவன்."

மாடியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டக்காரருக்கு எதிரே உட்கார்ந்தாள், கடையில் வாடிக்கையாளருக்கு முன்னால் உட்காருவது போல.

"இறங்கினா நிச்சயம் கிடைப்பாரா?"

"நிச்சயமில்லம்மா. நாப்பத்தொண்ணுதான். கிடைக்காமலும் போகலாம்."

"கீழ கண்ணு தெரியுமா?"

"அந்த இடத்துல கை நீட்டினா கை தெரியும். அவ்வளவுதான்."

"அப்போ சொல்றதைக் குறிச்சுக்கோங்க. நீல பேன்ட். பெல்ட் போடமாட்டாரு, எஞ்சின்ல மாட்டிக்கும்னு. இடுப்புல கயிறு கட்டியிருப்பாரு, பச்சைக் கயிறு. இடது கை சுண்டுவிரல்ல நகம் கிடையாது." நிறுத்தினாள். "தொட்டுப் பார்த்தாலே தெரியும்."

கட்டக்காரர் குறித்துக்கொண்டார்.

"தண்ணி ரொம்பக் குளிரா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"சரி. இறக்குங்க."

கட்டக்காரர் எழுந்து, தலைகுனிந்து, மேப்பை விட்டுவிட்டே போனார். மாடியம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டாள். அக்காவின் தோளைத் தொட்டுவிட்டு மாடியேறினாள். பெரியவர் அசையவில்லை.

"காலையில எல்லாரும் சேர்ந்தே துறைமுகத்துக்குப் போகலாம்மா" என்றார். "வண்டிக்குச் சொல்லிடறேன். இன்னைக்கு நான் இங்கயே படுத்துக்கறேன்."

"வேண்டாம் மாமா."

"இந்த நிலைமையில உன்னை விட்டுட்டு எப்படிப் போறது? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நீங்க சொன்னீங்கன்னு சாப்பிட்டேன்" என்றாள் அக்கா. குரல் ஏறவே இல்லை. "நீங்க சொன்னீங்கன்னு தூங்கினேன். ரெண்டு நாள் முன்னாடி கடைக்குப் போயி எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். அவரு அங்க கிடக்கறப்ப."

"நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேம்மா."

"நான் தாங்கியிருப்பேன். உங்களுக்குத்தான் தாங்கல."

அது சரி என்று எனக்குத் தோன்றியது. பெரியவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், அவருக்காக நான் ஒரு வார்த்தை பேசுவேன் என்பதுபோல. என் வார்த்தைக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்று சற்று முன்தான் பார்த்திருந்தார். ஆனாலும் பார்த்தார். மனிதருக்கு அவ்வளவு தவிப்பு. நான் சுவரைப் பார்த்தேன்.

எழுந்தார். கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. அத்தானின் சாயல் அவருக்கு உண்டு. முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் அதிகம். வாசலில் செருப்புக்குள் கால் நுழையவில்லை; குனிந்து வாரை இழுத்துவிட வேண்டியிருந்தது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதவவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"அவனைத் தூக்கி வளர்த்தவன் நான்" என்றார் குனிந்தபடியே.

"தெரியும் மாமா."

"காலையில நான் வரலாம்ல?"

"துறைமுகத்துக்கு வாங்க. அவர் உங்க தம்பி. இங்க வராதீங்க."

அவர் வாசற்படியைத் தாண்டித் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சொல்வதற்காக அந்த வீட்டில் இதுவரை எல்லோரும் காத்திருந்திருக்கிறோம். அக்கா கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.